ரோடெல் கேட்ட கேள்வி

ரோடெல் பள்ளி நிர்வாகக் குழுத் தேர்தலில் ஜெயித்தது ஒரே ஒரு வாக்குறுதியால்: வீட்டுப்பாடம் கொண்டுவருவேன். கிளென்ஆரா ஊரைச் சுற்றியுள்ள பால்பண்ணைகளில், அவனைப் போலவே பிழைக்க வந்து வேலை பார்க்கும் பிலிப்பினோக் குடும்பங்கள் மொத்தமும் அதற்காகவே அவனுக்கு ஓட்டுப் போட்டன. பிள்ளைகள் காலையில் போகிறார்கள், மரத்தில் ஏறுகிறார்கள், முழங்கால் நிறையச் சேற்றோடு வீடு திரும்புகிறார்கள். இதெல்லாம் ஒரு பள்ளிக்கூடமா? "எங்க ஊரு இலோய்லோவுல எருமைகூட இதவிட நல்லா படிக்கும்" என்று அவன் நண்பன் டோடோங் சொல்லாத ஞாயிற்றுக்கிழமை கிடையாது.

ரோடெலுக்கு இன்னொரு காரணமும் இருந்தது. அதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. எட்டு வயது மகள் லிகயா தினமும் அவனுக்குக் கதைப்புத்தகம் வாசித்துக் காட்டுவாள், ஏற்ற இறக்கமெல்லாம் வைத்து. ஒருநாள் விளையாட்டாகப் படங்களைக் கையால் மறைத்தான். குழந்தை அவன் விரல்களை விலக்கப் பார்த்தாள். ஒரு வரி வரவில்லை. அத்தனை நாளும் படத்தைப் பார்த்துக் கதை கட்டியிருக்கிறாள்! கடல் கடந்து கொண்டுவந்து, இரண்டு மொழிக்கு நடுவில் பிள்ளையைத் தொலைத்துவிட்டோமோ என்று ரோடெல் பயந்தான். மனைவி மரிவிக்கிடம்கூடச் சொல்லத் துணிவில்லை. வீட்டுப்பாடம் மட்டும் வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பினான்.

முதல் கூட்டத்துக்கு மாலைக் கறவை முடிந்த கையோடு போனான். பூட்ஸை வாசலில் கழற்றிவிட்டு ஆசிரியர் அறைக்குள் நுழைந்து, உட்கார்ந்ததும் உட்காராததுமாக ஆரம்பித்தான்.

"மேடம், வர்ற திங்கள்ல இருந்து எல்லா வகுப்புக்கும் வீட்டுப்பாடம் குடுக்கணும்னு நாம உத்தரவு போடணும்."

குழுவின் தலைவி மொராக் ஆட்டுப்பண்ணைக்காரி. உள்ளதை உடைத்துப் பேசுகிறவள். "மொதல்ல இந்த மேடத்த விடுங்க. என் நாய்கூட எனக்கு அவ்வளவு மரியாத குடுக்காது. அப்புறம், உத்தரவா? வீட்டுப்பாடம் குடுக்குறதும் குடுக்காததும் ஹினேவையோட வேல. அதுக்குத்தான அவங்கள ஊரெல்லாம் தேடிப் பிடிச்சு வேலைக்கு வச்சிருக்கோம்?"

தலைமையாசிரியை ஹினேவை எல்லோருக்கும் தேநீர் ஊற்றி, பிஸ்கட் தட்டை நடுவில் நகர்த்தினாள்.

"அப்ப நமக்கு என்னதான் வேல? பிஸ்கட் திங்கிறதா?" என்றான் ரோடெல்.

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். மொராக்கும்தான். "ரோடெல், நீங்க பால் கறக்குறப்ப உங்க முதலாளி பக்கத்துலயே நின்னு, எந்த மாட்டுக்கு மொதல்ல குழாய மாட்டணும்னு சொல்வாரா?"

"சொன்னா மறுநாளே வேற பண்ணைக்குப் போயிருவேன்."

"ஆனா எவ்வளவு கறந்துச்சு, எந்த மாட்டுக்கு மடி வீங்கியிருக்குன்னு கேப்பாருல்ல?"

"கேக்காம விடுவாரா? தெனமும் கேப்பாரு."

"நாமளும் அதத்தான் கேக்கணும். விடாம கேக்கணும்."

தோற்றுப்போன முகத்தோடு வீடு திரும்பினான். "பிஸ்கட்டாவது நல்லா இருந்துச்சா?" என்றாள் மரிவிக். டோடோங் விடுவானா? லிகயாவின் காலிப் பள்ளிப் பையைத் தலைகீழாகக் கவிழ்த்து உதறிக் காட்டி, "அண்ணே, ஒண்ணும் விழ மாட்டேங்குதே!" என்று மானத்தை வாங்கினான்.

மாடுகளோடு நிற்கும்போதெல்லாம் மொராக் சொன்னதே ரோடெலின் மனத்தில் ஓடியது. மடி வீங்கியது எந்த மாட்டுக்கு என்று அவனுக்குத் தெரியும். அதைப் பற்றிக் கேட்காமல், வீங்காத மாட்டுக்கும் சேர்த்து மருந்து கேட்டுக்கொண்டிருந்தான்.

அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்றான். உட்கார்ந்தே பேசலாம் என்று யாரோ சொன்னது காதில் விழவில்லை. "நம்ம பள்ளியில வாசிக்க முடியாத பிள்ளைங்க எத்தன பேரு? அவங்களுக்கு நாம என்ன பண்ணப் போறோம்?" நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டான். "என் பொண்ணும் அதுல ஒருத்தி. இத நான் என் சம்சாரத்துக்கிட்டகூடச் சொல்லல."

ஹினேவை நிமிர்ந்து பார்த்தாள். "இத யாராவது கேக்க மாட்டாங்களான்னு இருந்தேன். பத்துப் பேருக்கு மேல இருக்காங்க. லிகயாவும்தான். உங்ககிட்ட முன்னாடியே சொல்லியிருக்கணும், மன்னிச்சிருங்க. எப்படிச் சொல்லிக்குடுக்கணும்னு எங்களுக்குத் தெரியும். ஒவ்வொருத்தரையா உக்கார வச்சு சொல்லிக்குடுக்க ஒரு ஆள் வேணும். அதுக்குப் பணம் இல்ல."

பணம் இருந்தது. அது எங்கே இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். பள்ளியின் நீச்சல் குளம் விரிசல் விட்டுக் கிடந்தது. அதைச் செப்பனிட ஊரே சேர்ந்து, கால் நட்டு உயர்த்திக் கட்டிய ஆட்டுக்கொட்டகைகளுக்கு அடியில் தவழ்ந்து எரு வாரி, மூட்டை கட்டி விற்றுச் சேர்த்த பணம். முன்னால் நின்று வாரியவள் மொராக். அவள் கடைசி மகளுக்கு அடுத்த கோடைதான் இந்தப் பள்ளியில் கடைசிக் கோடை. அதற்குள் குளத்தில் தண்ணீர் நிரப்பிவிடுவதாக மகளுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள்.

மொராக் ஒரு பிஸ்கட்டைத் தேநீரில் முக்கினாள். அது கரைந்து உள்ளே விழும்வரை பிடித்துக்கொண்டே இருந்தாள்.

"குளம் இருக்கட்டும், எங்கயும் ஓடிப் போயிராது" என்றாள். "குளத்துக்குன்னு சேத்த காசு. எரு வாருனவங்க எல்லாரையும் நானே நேர்ல பாத்துக் கேக்குறேன். என்னத் திட்டுனா எனக்கு ஒறைக்காது."

தனக்கு நன்றாகச் சொல்லிக்கொடுக்கும் ஒரு டீச்சரம்மாவைத் தெரியும், அவரையே வைத்துவிடலாம் என்று சொல்ல ரோடெல் வாயைத் திறந்தான். மொராக் ஒரு பார்வை பார்த்தாள். அவன் பிஸ்கட்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். ஊர் சம்மதித்ததும் ஆளை ஹினேவைதான் தேர்ந்தெடுத்தாள்.

அன்றிரவு மரிவிக்கிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவள் கொஞ்சம் அழுதாள், பிறகு இத்தனை நாள் மறைத்ததற்காக அவனை நன்றாகத் திட்டினாள்.

ஓராண்டு ஓடியது. அந்த நாட்டில் டிசம்பர்தான் கோடை. வெயிலில் மகளை அழைத்துப்போக ரோடெல் பள்ளிக்கு வந்தபோது, லிகயா குளத்தின் கம்பிவேலிக்கு முன்னால் இடுப்பில் கைவைத்து நின்றிருந்தாள். வேலியில் ஓர் அட்டை தொங்கியது. ஒவ்வொரு எழுத்தாக விரலை ஓட்டி, வேண்டா வெறுப்பாக வாசித்தாள்.

"இந்தக்... கோடையிலும்... குளம்... திறக்கப்படாது. வருந்துகிறோம். பள்ளி... நிர்வாகக் குழு." சட்டென்று திரும்பினாள். "அப்பா! இது நீங்கதான! எதுக்குப்பா மூடுனீங்க? வெயில் கொளுத்துது!"

அந்த அட்டையில் படம் எதுவும் இல்லை.

ரோடெல் அவள் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். "இன்னொரு தடவ படி" என்றான். அப்பா நம்பவில்லை என்று நினைத்து, அவள் இன்னும் சத்தமாக, இன்னும் கோபமாகப் படித்தாள்.

பின்னால் மொராக் வந்து நின்றிருந்தாள். அவள் மகளின் கடைசிக் கோடை அது. "அட்டைய எழுதுனது நான்தான்" என்றாள் மெதுவாக. "எழுதுறப்ப மனசு கெடந்து அடிச்சுக்கிச்சு. இவ வாயால கேக்க நல்லாத்தான் இருக்கு."

"ரொம்ப நன்றி, மேடம்" என்றான் ரோடெல்.

இந்தத் தடவை அவள் அந்த மேடத்தை ஒன்றும் சொல்லவில்லை.