குஸுமி சான் கொண்டு வந்த புட்டி

சுகுபா கார்ப் பந்தயத் தளத்தில் ஒரு சுற்றை ஒரு நிமிடத்துக்குள் முடித்துவிட வேண்டும் என்பது என் கணவர் தகேஹிதோவின் பல வருடப் பைத்தியம். அதற்குக் குளிர்காலக் காலைதான் தோது. காற்று குளிரக் குளிர டர்போ அதை எஞ்சினுக்குள் இன்னும் நெருக்கித் திணிக்கும். அதனால் ஜனவரி ஞாயிற்றுக்கிழமையில் ஊரே கோதாட்சு என்கிற கணப்பு மேசைக்கடியில் கதகதப்பாகக் கால் நீட்டி மிக்கான் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருக்க, நான் பந்தயத் தள ஓரத்தில் பல் கிட்ட நின்றுகொண்டிருந்தேன்.

எனக்கு அங்கே ஒரு வேலை இருந்தது. நான் பியானோக்களுக்குச் சுருதி சேர்ப்பவள். காது கொஞ்சம் கூர்மை. எஞ்சினில் ஒரு மைக்கைத் திருகி, அதன் சத்தம் ரேடியோ வழியாக என் ஹெட்போனுக்கு வரும்படி அவர் செய்திருந்தார். 'நாக்' என்கிற தட்டல் சத்தம் கேட்டால் நான் "விடுங்க" என்று சொல்ல வேண்டும், அவர் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்க வேண்டும். இதுதான் ஒப்பந்தம். அதுவரை சொல்லும்படி நேர்ந்ததில்லை.

ஹை-ஆக்டேன் பெட்ரோல் என்றால் பயங்கரமாக எரியும் என்றுதான் நான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். உண்மை தலைகீழ். அது லேசில் பற்றாது. பிஸ்டன் எவ்வளவு நசுக்கினாலும் தீப்பொறி விழும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருக்கும். பொறுமை இல்லாத பெட்ரோல் நேரங்கெட்ட நேரத்தில் தானே வெடித்து, பிஸ்டனைச் சுத்தியலால் அடிப்பதுபோல அடிக்கும். அதுதான் நாக். அந்த எரிச்சல்கார நெருப்பை ஒரு நொடிக்குள் நூற்றுக்கணக்கான தடவை வரிசையில் நிறுத்தி வைக்கிறார்களே என்று நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மலைப்பாக இருக்கிறது.

எங்கள் எஞ்சின் பழைய ஆறு சிலிண்டர் இரும்பு எஞ்சின். இப்போது எங்கும் செய்வதில்லை. உடைந்தால் அதோடு தலைமுழுக வேண்டியதுதான். முதுகு வலியால் பந்தயக் கார் ஓட்டுவதை விட்ட மூத்த நண்பர் குஸுமி சான், தன் காரிலிருந்து கழற்றி எங்களுக்குக் கொடுத்தது அது.

அன்றைக்கு அவரும் வந்திருந்தார். ஓட்டுகிறவர்களைப் பார்க்க வெறுங்கையோடு யாரும் வரமாட்டார்கள். மற்றவர்கள் சூடான காபி டப்பா கொண்டு வந்தார்கள். குஸுமி சான் ஒரு புட்டியை நீட்டினார்.

"தகே, இது ஆக்டேன் பூஸ்டர். அஞ்சு புள்ளி ஏத்துமாம்! காபி குடுத்தா நீ குடிச்சுட்டு ஒண்ணுக்குத்தான் போவே. இதக் காரு குடிக்கட்டும்."

"ஐயோ, எதுக்குங்க உங்களுக்கு இவ்வளவு சிரமம்!" என்று என் கணவர் குனிய, அவர் குனிய, இவர் மறுபடி குனிய, எனக்குக் கழுத்து வலித்தது.

டாங்கில் ஏற்கெனவே பங்கில் பிடித்த நூறு ஆக்டேன் பெட்ரோல் இருந்தது. எஞ்சினும் அதற்கென்றே கணக்காக அமைத்தது. இருந்தும் குஸுமி சானின் கண்முன்னாலேயே என் கணவர் புட்டியை அதில் கவிழ்த்தார். அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை.

"லேப்டாப்ப எதுக்குத் திறக்கறீங்க?"

"தீப்பொறி விழற நேரத்தக் கொஞ்சம் முன்னால தள்றேன் மிசாவோ. சும்மா ஊத்துனா கார்ல ஒரு மாத்தமும் தெரியாது. மனுஷன் ஆசையா கொண்டாந்திருக்காரு."

"சோதிச்சுப் பாக்காமயா? மரியாதைக்காக எஞ்சினக் காவு குடுக்கப் போறீங்களா?"

"மெதுவா பேசு. அவரு காதுல விழும்."

அந்த ஐந்து புள்ளி சேர்ந்தால் வெறும் அரை ஆக்டேன்தான் என்பது எங்கள் இருவருக்குமே பிறகுதான் தெரிந்தது.

வண்டி கிளம்பியது. முதல் சுற்றில் டயரைச் சூடேற்றினார். அடுத்த சுற்றில் முழுதாக மிதித்தார். ஹெட்போனில் வந்த சத்தத்துக்கு என்னிடம் வார்த்தை இல்லை. வெளியே கேட்கும் அலறல் வேறு. உள்ளே எல்லாம் அத்தனை ஒழுங்காக இருந்தது. ஆயிரமாயிரம் வெடிகள், ஒன்றுகூடப் பிசகாமல், ஒரே நீளமான சுரமாக. குளிர் மறந்துவிட்டது. கண்ணில் நீர் வந்தது, காற்றால் அல்ல.

"பாதிச் சுத்துலயே பழைய நேரத்த முந்திட்டான்! இன்னிக்கு நிமிஷம் உடையுது!" குஸுமி சான் ஸ்டாப்வாட்ச்சோடு குதித்தார். முதுகு வலியெல்லாம் எங்கே போனதோ.

பின்பக்க நேர்பாதையில் கார் நுழைந்தது. அந்தச் சுரத்துக்குள், தகர டப்பாவில் சரளைக்கல் போட்டுக் குலுக்கியதுபோல ஒரு கலகலப்பு.

இன்னும் ஒரு திருப்பம் தாண்டினால் அவருடைய அத்தனை வருட ஆசை. ரேடியோவைக் கையில் பிடித்தபடி கார் போவதைப் பார்த்தேன். பிறகு சொன்னேன்.

"விடுங்க."

சுரம் அறுந்தது. அந்த வேகத்தில், அந்த நிமிடத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "ஏன்" என்று ஒரு கேள்வி இல்லை, "நிச்சயமாவா" என்று ஒரு தயக்கம் இல்லை. கால் எடுபட்டுவிட்டது. நான் அதுவரை வியந்த எஞ்சின் எனக்கு அப்போது ரொம்பச் சின்னதாகத் தெரிந்தது.

திரும்பி வந்ததும் அவர் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றினார். ஒன்றின் வெள்ளைப் பீங்கானில் மிளகுப்பொடி தூவியதுபோல அலுமினியத் துகள்கள் மின்னின. பிஸ்டன் உருகத் தொடங்கி, தப்பித்திருந்தது. குஸுமி சான் மூச்சிரைக்க ஓடி வருவதைப் பார்த்து அவர் அந்தப் பிளக்கைக் கைக்குள் மூடிக்கொண்டார். கொதிக்கிற பிளக்.

"என்னடா ஆச்சு தகே? அருமையா போயிட்டிருந்தியே!"

"மன்னிச்சிடுங்க. பயந்துட்டேன். கால் தானா எடுபட்டுடுச்சு."

ஓட்டுகிறவன் வாயிலிருந்து இதைவிடக் கேவலமான ஒன்று வர முடியாது. அக்கம்பக்கத்தில் நின்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். வாயை அடக்கத் தெரியாதவள் என்று பெயர் வாங்கிய நான் அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை.

"சீ, இதுக்கென்ன! அடுத்த தடவ ரெண்டு புட்டியா கொண்டாரேன், பயமெல்லாம் பறந்துடும்" என்று சிரித்தபடி அவர் என் கணவரின் கையைப் பிடித்துக் குலுக்கப் போனார். மூடிய கை திறக்கவில்லை. விரலிடுக்கில் தோல் சிவந்து பொங்கியிருந்தது. குஸுமி சானின் சிரிப்பு நின்றது. பிளக் இல்லாத எஞ்சினைப் பார்த்தார், என் கழுத்தில் தொங்கிய ஹெட்போனைப் பார்த்தார்.

முதுகு வலியோடு, இடுப்பை வளைத்து, நெற்றி முழங்காலைத் தொடுமளவு குனிந்தார். என் கணவரும் குனிந்தார். இந்தத் தடவை எனக்குக் கழுத்து வலிக்கவில்லை. நானும் கூடக் குனிந்துகொண்டேன்.