சின்னானுக்குக் கிடைத்த பதவி உயர்வு

என் கொள்ளுத்தாத்தா செத்து எண்பது வருடம் கழித்து வரதராஜன் அங்கிள் அவருக்குப் பதவி உயர்வு கொடுத்துவிட்டார்.

அங்கிள் இந்த வெளிநாட்டில் எங்கள் தமிழ்ச் சங்கத் தலைவர். பர்மாவில் ஜப்பான்காரனோடு மோதிய ஓர் இந்தியக் காலாட்படை பிரிகேடின் வரலாற்றை ஹரிஸ் பார்க் பகுதியில் ஒரு மண்டபத்தில் கண்காட்சியாக வைத்தார். அந்தப் படையில் இருந்து செத்த நம்மாட்கள் பேரைக் கேட்டார். ராணுவத்துக்கு எழுதி வாங்கிய பதிவேட்டு நகலை நானும் கொடுத்தேன். 'சின்னான், தோட்டி. கழிவறைக் குழி வெட்டும்போது குண்டு விழுந்து மரணம்.'

திறப்பு விழாவன்று போய்ப் பார்த்தால் பலகையில் 'சிப்பாய் சின்னான்' என்றிருக்கிறது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"என்ன அங்கிள் இது?"

"கௌரவமா இருக்கட்டும்னுதான் நாகலட்சுமி. நாலு பேர் வர்ற இடம். உன் பொண்ணும் வருவா. அவ முன்னாடி இதெல்லாம் எதுக்கும்மா?"

என் வாயை அடைக்க அவருக்கு வழி தெரிந்திருக்கிறது. என் மகள் வர்ஷாவுக்குப் பதின்மூன்று வயது. கொள்ளுத்தாத்தா தோட்டி என்று அவளிடம் நான் சொன்னதே இல்லை. மெரிலேண்ட்ஸில் பக்கத்து வீட்டாரிடமும், கூட வேலை பார்க்கும் தமிழ் நர்சுகளிடமும் சொன்னதில்லை. 'நீங்க என்ன ஆளுங்க?' என்று யாராவது நூல்விட்டால் பேச்சை மாற்றிவிடுவேன். இந்த நாட்டுக்கு வந்த பதினோரு வருடமாக இப்படித்தான். வெட்கமாக இருக்கிறது, அவரை நினைத்தல்ல, என்னை நினைத்து.

"அவருக்கு யாரு அங்கிள் துப்பாக்கி குடுத்தா? பீ அள்ளத்தானே கூட்டிட்டுப் போனாங்க? அவர் குழி வெட்டலைன்னா உங்க சிப்பாய்ங்க பாதிப் பேர் வயித்தாலே போயே செத்திருப்பாங்க. அதை எழுதினா என்ன கேடு?"

"மெதுவாப் பேசும்மா."

மெதுவாவது மண்ணாவது! வரவேற்பு மேசையிலிருந்த மார்க்கரை எடுத்து, 'சிப்பாய்' மேல் கோடு இழுத்து, 'தோட்டி' என்று பெரிதாக எழுதினேன்.

"போர்டே நாசமாப் போச்சு! யாராவது அதைக் கழட்டுங்கப்பா" என்று அங்கிள் கத்தினார்.

"கழட்டுங்க பாப்போம்" என்று பலகைக்கு முன்னால் போய் நின்றேன். மண்டபமே திரும்பிப் பார்த்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வர்ஷா வந்துவிட்டாள்.

"அம்மா, தோட்டின்னா என்ன?"

எல்லாருக்கும் கேட்கும்படியே சொன்னேன். "கக்கூஸ் அள்ளுறவர். என் கொள்ளுத்தாத்தா. சண்டை நடந்த இடத்துல அந்த வேலையைச் செய்யும்போதே செத்தார்."

வர்ஷா பலகையை இரண்டு முறை படித்தாள். பிறகு அங்கிளிடம் திரும்பினாள்.

"அங்கிள், அவர் தோட்டியா இருந்தா உங்களுக்கென்ன பிராப்ளம்?"

அங்கிள் என்னைப் பார்த்தார். நான் மார்க்கரின் மூடியைப் போட்டேன். அவரே பதில் சொல்லட்டும்.