அட்டைப்படத்து முகம்

அந்த மாதச் சஞ்சிகையின் அட்டைக்கு ழாக் தேர்ந்தெடுத்திருந்த படத்தைக் கண்டதும் பியட்றிஸ் அதைச் சட்டென்று கவிழ்த்து வைத்தாள்.

பரிஸில் ஒரு பெரிய கட்டுமான நிறுவனத்தின் செய்தித் தொடர்புப் பிரிவில் அவள் வேலை பார்த்தாள். பத்திரிகைகளுக்குப் போகும் அறிக்கைகளைத் தட்டச்சு செய்வது, வேலைத்தளங்களிலிருந்து வரும் படங்களுக்குக் குறிப்பு எழுதுவது, நிறுவனத்தின் சஞ்சிகையை அச்சகத்துக்கு அனுப்புவது எல்லாம் அவள் பொறுப்பு. பிரிவின் தலைவர் ழாக் நல்ல மனிதர்தான். ஆனால் ஒரு படம் பிடித்துவிட்டால் லேசில் விடமாட்டார்.

பரிஸுக்கு அருகே சென்-தெனியில் தோண்டிக்கொண்டிருந்த சுரங்கப் பாதையின் வாசலில், கன்னமெல்லாம் சீமெந்து அப்பியிருக்க, ஓர் இளைஞன் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தான். படத்தின் பின்புறத்தில் படப்பிடிப்பாளர் அவன் பெயரை எழுதியிருந்தார்: ஸ்ரீஸ்கந்தராசா.

அது ஸ்ரீஸ்கந்தராசா அல்ல. தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பலில் அவள் இருக்கும் கட்டடத்தின் மேல்மாடியில் குடியிருந்த அம்புறோஸ். மன்னாரிலிருந்து போன வருடம் வந்தவன். வேலை செய்ய அனுமதிக்கும் அட்டையான காட் வரத் தாமதமாகவே, அறையில் கூட இருந்த ஸ்ரீஸ்கந்தராசாவின் காட்டைக் கொடுத்து, அவன் பெயரிலேயே வேலைக்குச் சேர்ந்துவிட்டான். தன் நிறுவனத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று அவனுக்குச் சொன்னதே பியட்றிஸ்தான். இப்படிச் சேர்ந்தது பிறகுதான் அவளுக்குத் தெரியவந்தது.

ஊழியர் விவரங்களை வைத்திருக்கும் ஆளணிப் பிரிவில் உண்மையான ஸ்ரீஸ்கந்தராசாவின் முகத்தோடு அந்தக் காட்டின் பிரதி கிடந்தது. சஞ்சிகையோ ஒவ்வொரு மேசைக்கும் போகும். யாராவது ஒருவருக்குச் சந்தேகம் வந்தால் போதும், இரண்டு பேரின் வாழ்க்கையும் நாறிவிடும்.

எதைச் சொல்லி இதை நிறுத்துவது என்று தெரியாமல் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் தலைக்கவசத்தின் வார் நாடிக்குக் கீழே கட்டாமல் தொங்குவது கண்ணில் பட்டது. படத்தை எடுத்துக்கொண்டு ழாக்கின் அறைக்குப் போனாள்.

"இந்தப் படத்தைப் போட முடியாது, ழாக்."

"ஏன்? இந்த வருடத்திலேயே நல்ல படம் இதுதான்."

"வாரைப் பாருங்கள். கட்டவில்லை."

ழாக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "ஐயையோ! பாதுகாப்புப் பிரிவு என்னை உயிரோடு விட்டிருக்காது. உங்களுக்கு நல்ல கண்."

அவளுக்கு மூச்சு வந்தது. வேறு படம் தேடலாம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அவர் தொலைபேசியை எடுத்துவிட்டார். பேசி முடித்துவிட்டு உற்சாகமாகத் திரும்பினார்.

"நாளைக் காலை படப்பிடிப்பாளர் திரும்பவும் போகிறார். அதே ஆள், அதே சிரிப்பு, வாரை மட்டும் கட்டிக்கொண்டு. ஒரு சின்னப் பேட்டியும் எடுக்கச் சொல்லியிருக்கிறேன்."

தப்ப வைக்கப் போய் இன்னும் ஆழமாக மாட்டிவிட்டோமே என்று அன்று முழுக்க அவளுக்கு வேலையே ஓடவில்லை. சாயந்தரம் மெத்ரோ ரயிலால் இறங்கியவள் வீட்டுக்குப் போகாமல் நேரே ரூ பெர்தொனே தெருவுக்கு நடந்தாள். அங்கே வழக்கமாகச் சாப்பிடும் கடையில் அம்புறோஸ் இடியப்பத்தைச் சொதியில் குழைத்துக்கொண்டிருந்தான்.

"அம்புறோஸ், நாளைக்கு நீ வேலைக்குப் போகக் கூடாது."

"ஏன் அக்கா? என்ன நடந்தது?"

முன்னால் இருந்த கதிரையில் உட்கார்ந்து, படம், பெயர், படப்பிடிப்பாளர் என்று எல்லாவற்றையும் கொட்டினாள். "காய்ச்சல் எண்டு சொல்லு. என்னத்தையாவது சொல்லு. உன்ரை முகம் ஸ்ரீஸ்கந்தராசா எண்ட பேரோடை வந்தா ரெண்டு பேரும் துலைஞ்சியள்."

அவன் கையை உதறிவிட்டுச் சிரித்தான். அவளுக்குக் கோபம் வந்தது.

"என்னடா சிரிப்பு? நான் காலமையிலையிருந்து பச்சைத் தண்ணி குடிக்கேல்லை."

"அக்கா, எனக்குக் காட் வந்திட்டுது! போன கிழமை வந்தது. அடுத்த நாளே தளப் பொறுப்பாளரிட்டைப் போய் உண்மையைச் சொல்லிப்போட்டன்."

"சொல்லிப்போட்டியோ?"

"ஓம். மனுசன் வாயில வந்தபடி பேசினான். கொஞ்ச நேரம் செல்லக் கூப்பிட்டு, உன்னை மாதிரி வேலை செய்ய எனக்கு ஆள் இல்லை எண்டு, ஆளணிப் பிரிவோடை தானே கதைச்சு என்ரை பேரிலை புதுசாப் பதிஞ்சு விட்டவன். ஸ்ரீஸ்கந்தராசான்ரை பழைய பதிவையும் எடுத்துப்போட்டாங்கள்."

"அப்ப படத்திலை அந்தப் பேர் எங்காலை வந்தது?"

"தலைக்கவசத்திலை ஒட்டின பேர், அக்கா. அதை ஒருத்தரும் மாத்தேல்லை. படம் எடுத்தவன் அதைப் பாத்து எழுதியிருப்பான்."

பியட்றிஸ் கதிரையில் சாய்ந்தாள்.

"அறுவானே, எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"ஞாயிறு பூசை முடிய இனிப்போடை வந்து சொல்லுவம் எண்டிருந்தனான்."

அவள் அழப்போவதுபோல் இருந்தாள். ஆனால் வந்தது சிரிப்பு. அடக்க முடியாமல், பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்க்குமளவுக்குச் சிரித்தாள். சிரித்து ஓய்ந்ததும்தான் எவ்வளவு பசிக்கிறது என்று தெரிந்தது. கடைக்காரரைக் கூப்பிட்டுத் தனக்கும் இடியப்பம் சொன்னாள். அம்புறோஸ் தன் பொரியலை அவள் பக்கம் தள்ளிவிட்டான்.

"அப்ப நாளைக்குச் சவரம் எடுத்துக்கொண்டு போகட்டோ, அக்கா?"

"எடு. பேரை மட்டும் நீயே எழுத்துக்கூட்டிச் சொல்லு."

புதுப் படம் வந்தபோது ழாக்குக்கு முகம் தொங்கிவிட்டது. வார் ஒழுங்காகக் கட்டியிருந்தது, கன்னம் பளபளத்தது. ஆனால் அம்புறோஸ் கடவுச்சீட்டுப் படத்துக்கு நிற்பவனைப்போல் விறைத்துக்கொண்டு நின்றான்.

"முதல் படம்தான் நல்லது" என்றார் ழாக், பெருமூச்சோடு.

"எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது" என்றாள் பியட்றிஸ். படக்குறிப்பைத் தட்டச்சு செய்ய உட்கார்ந்து, முதலில் அம்புறோஸ் என்று அடித்தாள்.