லெட்டியின் இடது கன்னம்

மூக்குகள் கண்ணாடியில் அழுந்தி வெளுத்துப்போக, வாய்கள் திறந்து, பற்கள் தெரிய, தெருவில் நிற்கிறவர்கள் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள், சத்தம் உள்ளே வருவதில்லை, சன்னலில் வரிசை வரிசையாக ஒட்டியிருக்கும் கேலிப்படங்களின் முதுகுதான் எனக்குத் தெரிகிறது, படத்துக்கும் படத்துக்கும் நடுவே அந்த முகங்கள், எந்தப் படத்துக்கு முன்னால் கூட்டம் முட்டுகிறது என்பதை வைத்தே அன்றைக்கு யார் மானம் போகிறது என்று சொல்லிவிடலாம், ராஜாவின் தொந்தி, மந்திரியின் மூக்கு, சீமாட்டிகளின் கோபுரக் கொண்டை, லண்டன் பட்டணத்தில் எவரையும் விட்டுவைக்காத கடை ஹாலம் அம்மாளின் கடை, அதன் உள்ளே நீள மேசையில் ஐந்து பெண்களோடு நான் உட்கார்ந்திருக்கிறேன், உட்கார்ந்திருந்தேன், செம்புத் தகட்டில் கீறி அச்சடித்த தாள் வெறும் கறுப்புக் கோடுகளாக வரும், நாங்கள் தூரிகையால் நிறம் ஏற்றுவோம், ஒருத்திக்கு ஒரு நிறம், ஒருத்தி நீலம் வைத்துத் தள்ளினால் அடுத்தவள் மஞ்சள் வைப்பாள், எனக்குக் கொடுத்தது கன்னத்துச் சிவப்பு, குடித்துக் கொழுத்த துரைமார் கன்னங்கள், ஒரு சொட்டு போதும், ஈரத்தில் தானே பரவும், பரங்கிமலைக்காரி ஒருத்தி இத்தனை கடல் தாண்டி வந்தது இதற்கா என்று யாராவது கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ, யாரும் கேட்கவில்லை.

நான் வந்தது லெட்டியோடு, சென்னப்பட்டினத்துக் கரையில் படகு தள்ளிய என் புருஷன் அருளப்பனை ஐப்பசி அலை கொண்டுபோன பிறகு, பெற்ற பெண் நாற்பது நாள்கூட இருக்காமல் போன பிறகு, மார்பில் பால் மட்டும் நின்றபாடில்லை, அப்போதுதான் கம்பெனி உத்தியோகஸ்தர் பெல்லமி துரையின் வீட்டில் பிறந்த பெண் குழந்தை லெட்டிக்குப் பால் கொடுக்க ஆள் தேடினார்கள், துரைசானிக்குக் காய்ச்சல், பால் இல்லை, அந்தச் சிவந்த சின்ன வாய் என் மார்பைப் பற்றிய நொடியில் எனக்கு எது பகல் எது கனவு என்று மறந்துபோயிற்று, செத்த பிள்ளையும் இந்தப் பிள்ளையும் ஒரே முகமாகி மடியில் கிடந்தார்கள், மூன்று வருஷம், பிறகு துரை போதுமான அளவு சம்பாதித்துக்கொண்டு சீமைக்குத் திரும்பினார், லெட்டி என் கழுத்தை விடவில்லை, ஆறு மாதம் கப்பலில் அவள் என் மடியிலேயே வந்தாள், லண்டனில் இறங்கியபோது அவளுக்குத் தமிழ்தான் தெரியும், ஆயாம்மா சோறு, ஆயாம்மா பாட்டு, அம்மாவிடம் போ என்றால் கை நீட்டியவளைக் கடித்துவைத்தாள், துரைசானி அறைக்கதவைச் சாத்திக்கொண்டு அழுவாள், நான் கதவுக்கு வெளியே நின்று கேட்பேன், பாவமாக இருக்கும், உள்ளுக்குள் ஒரு மூலையில் சந்தோஷமாகவும் இருக்கும், அந்தச் சந்தோஷத்துக்குத்தான் தண்டனையோ என்னவோ, நான்காம் மாதம் என்னை அனுப்பிவிட்டார்கள், ஊருக்குப் போகிற கப்பலில் இடம் பார்த்துச் சொல்கிறோம் என்றார்கள், யாரும் வந்து சொல்லவில்லை.

குளிரில் போக்கிடம் இல்லாமல் ஹாலம் அம்மாளின் சன்னலுக்கு முன்னால் நாள் முழுக்க நின்றேன், அங்கே நின்றால் யாரும் என்னைப் பார்க்கமாட்டார்கள், எல்லோரும் படத்தையே பார்ப்பார்கள், எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ அந்த அம்மாளே கதவைத் திறந்து கூப்பிட்டாள், அவள் பேசியது இங்கிலீஷ், எனக்குள் விழுந்தது தமிழாகத்தான், கை நடுங்காம இருக்குமா உனக்கு, இருக்கும் என்றேன், அப்படித்தான் சிவப்பு என் கைக்கு வந்தது, ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் நான் மேசையில் இல்லை, பெல்லமி துரை குடியிருந்த சதுக்கத்தின் நடுவே இரும்புக் கம்பி போட்ட தோட்டம் ஒன்று இருந்தது, கோயில் முடிந்ததும் புதுத் தாதி நான்சி லெட்டியை அங்கே கூட்டிவருவாள், நான் கம்பிக்கு இந்தப் பக்கம் நிற்பேன், நான்சி நல்லவள், திரும்பி நின்றுகொண்டு மரத்தைப் பார்ப்பாள், லெட்டி ஓடிவந்து கம்பிகளுக்கு நடுவே கன்னத்தை நீட்டுவாள், நான் முத்தம் வைப்பேன், காக்கா எங்கே என்று கேட்டால் வானத்தைக் காட்டுவாள், போகப் போகக் காக்கா என்றால் என்ன என்று என்னையே கேட்டாள், வாரத்துக்கு ஒரு சொல்லாக என் பாஷை அவளிடமிருந்து உதிர்ந்துகொண்டிருந்தது, இரண்டு வருஷம் அப்படி, ஆனாலும் கன்னத்தை நீட்டுவதை அவள் மறக்கவில்லை.

அந்தக் கடைக்குப் படம் வரைகிறவர் ட்ரூ, ஒல்லியான மனிதர், விரல் இடுக்கெல்லாம் மை, சாயம் காயும் நேரத்தில் கணப்பு அருகே வந்து உட்கார்ந்து, உன் ஊர் எப்படி, அங்கே மழை உண்டா, யாரோடு வந்தாய் என்று கேட்டவர் அவர் ஒருவர்தான், இரண்டு வருஷமாகப் பூட்டிக்கிடந்த வாய், கேட்டதும் திறந்துகொண்டது, பால் கொடுத்ததைச் சொன்னேன், குழந்தை தமிழ் பேசியதைச் சொன்னேன், அம்மாவைக் கடித்ததை, துரைசானி கதவைச் சாத்தி அழுததை, சொல்லக்கூடாததையும் சொன்னேன், லெட்டி தூக்கத்தில் என்னை அம்மா என்று கூப்பிடுவாள் என்றேன், அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார், கண்கூடக் கலங்கியது, பொய்க் கலக்கம் என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது, அந்த மாதம் பெல்லமி துரை பார்லிமெண்டுத் தேர்தலில் நிற்கிறார் என்று ஊரில் பேச்சு, கம்பெனியில் சம்பாதித்துத் திரும்பியவர்களை நவாப் என்று இங்கே கேலி செய்வார்கள், இந்த நவாபும் இடம் வாங்க வந்துவிட்டான் என்று தெருவே பேசியது, பத்து நாள் கழித்து ட்ரூ நிறக்கிண்ணத்தோடு என்னிடம் வந்து, கையைக் கொஞ்சம் நீட்டு என்றார், நீட்டினேன், என் முழங்கைக்குப் பக்கத்தில் தாளை வைத்துப் பழுப்பும் கறுப்பும் கலந்து கலந்து பார்த்தார், சரியாக வந்ததும் திருப்தியாகச் சிரித்தார், எதற்கு என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை, என் தோலை யாரோ இவ்வளவு கவனமாகப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

மறுநாள் தாள்கள் வந்தன, நடுவில் தடித்த உதட்டோடு, பூசணிக்காய் மார்போடு ஒரு கறுப்பு ராட்சசி, மடியில் குழந்தை, ஒரு பக்கம் எலும்பாக வற்றிய துரைசானி, மறுபக்கம் பெல்லமி துரை தலைப்பாகை கட்டித் திருட்டு விழி விழிக்கிறார், குழந்தையின் வலது கன்னம் வெள்ளை, இடது கன்னத்தில் என் கையைப் பார்த்துக் கலந்த அந்தப் பழுப்பு, கீழே இருந்த எழுத்தை ஹாலம் அம்மாள் வாசித்துக் காட்டினாள், நவாபுக்கு வாங்காமலே கிடைத்த சொத்து, அம்மா யார் என்று ஓட்டுப் போடுகிறவர்கள் சொல்லட்டும், எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று, துரைக்கு நான் பெற்ற பிள்ளை லெட்டி என்கிறது படம், புரிந்ததும் ட்ரூவிடம் போய் நின்றேன், அவர் தகட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார், உன் பேரா போட்டிருக்கேன், உன்னை யாருக்குத் தெரியும், ஜனங்க சிரிக்கிறது அந்த ஆளைப் பார்த்துத்தான் என்றார், என்னைப் பத்தி இல்லீங்க, கொழந்த மொகத்த மட்டும் விட்டுடுங்க, நான் கேட்டது அவ்வளவுதான், அதை விட்டா படத்துல என்ன இருக்கு என்றார், கோபமே இல்லாமல், ஹாலம் அம்மாள் அந்தப் பழுப்புக் கிண்ணத்தை என் முன்னால் கொண்டுவந்து வைத்தாள், நீ தீட்டலைன்னா இன்னொருத்தி தீட்டப்போறா, வெளியில பனி, யோசிச்சுக்கோ, முதல் தாளில் நான் லெட்டியின் முகம் முழுவதையும் வெள்ளையாகவே விட்டேன், திருப்பி அனுப்பினாள், இரண்டாம் தாளையும் அப்படியே விட்டேன், திருப்பி அனுப்பிவிட்டு அவள் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள், காற்று உள்ளே வந்தது, நான் தூரிகையை நனைத்தேன், கம்பிக்கு நடுவே நீட்டுவாளே அந்தக் கன்னம், முத்தம் வைக்கிற இடம் எதுவென்று என் விரலுக்குத் தெரியும், சரியாக அந்த இடத்தில் ஒரு சொட்டு, அது பரவியது, இன்னொரு தாள், இன்னொரு சொட்டு, நாலாம் நாள் என் கை பழகிவிட்டது, அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை, நடுங்காமல் பழகிவிட்டது, சன்னலுக்கு வெளியே அத்தனை கூட்டத்தை அந்தக் கடை அதற்கு முன் பார்த்ததில்லை.

அடுத்த ஞாயிறு தோட்டத்தில் லெட்டி இல்லை, அதற்கடுத்த ஞாயிறும் இல்லை, மூன்றாம் ஞாயிறு நான்சி தனியாக வந்தாள், கம்பியருகே நின்று தரையைப் பார்த்தபடி சொன்னாள், துரை தேர்தலில் தோற்றுப்போனார், சதுக்கத்தில் பிள்ளைகள் லெட்டியைச் சுற்றி நின்று அம்மா யார் அம்மா யார் என்று பாடினார்கள், யாரோ அந்தப் படத்தை வீட்டுக் கதவிலேயே ஒட்டிவிட்டுப் போனார்கள், லெட்டி அதைப் பார்த்துவிட்டாள், அதிலிருந்து புள்ளை கண்ணாடி முன்னாலயே நிக்குது, கறுப்பு வந்துடுச்சா வந்துடுச்சான்னு கேக்குது, துரைசானி எலுமிச்சம்பழத்தை நறுக்கிக் கன்னத்துல தேய்க்கிறாங்க, தோல் உரிஞ்சு கெடக்குது என்றாள் நான்சி, நான் ஒன்று கேட்டேன், படத்தில் இருக்கிறவள் யார் என்று லெட்டிக்குச் சொல்லியிருக்கிறார்களா, சொல்லியிருக்கிறார்கள் என்றாள், தொட்டால் கறுப்பு ஒட்டிக்கொள்ளும் என்றும் சொல்லியிருக்கிறார்கள், வியாழக்கிழமை காலை அவளை வடக்கே ஒரு பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிறார்கள் என்பதையும் அவள்தான் சொன்னாள், நான் கேட்காமலே.

வியாழக்கிழமை நான் மேசைக்குப் போகவில்லை, சதுக்கத்தின் முனையில் நின்றேன், வண்டி மெதுவாகத்தான் வந்தது, குதிரைகள் பனியில் வழுக்கின, சன்னல் திறந்திருந்தது, தொப்பிக்குள் அவள் முகம், இடது கன்னம் புண்ணாகச் சிவந்து, பளபளவென்று ஏதோ தைலம் தடவியிருந்தது, என்னவெல்லாமோ சொல்ல வந்திருந்தேன், அந்தப் படத்துக்கு நிறம் தீட்டியது நான்தான் கண்ணே என்று சொல்ல வந்திருந்தேனா, பொய் என்று சொல்ல வந்திருந்தேனா, வண்டியோடு நாலு எட்டு ஓடிக் கையை நீட்டினேன், லெட்டி என்னைப் பார்த்தாள், அடையாளம் தெரிந்தது, தெரியாமல் இருந்திருக்கலாம், இரண்டு கையாலும் கன்னத்தைப் பொத்திக்கொண்டாள், பொத்திய கைகளுக்கு நடுவிலிருந்து சின்னக் குரலில், இங்கிலீஷில் இல்லை, தமிழில், ஒரு எழுத்துகூடத் தேயாத தமிழில் சொன்னாள், தொடாதே ஆயாம்மா, போ.

நான் கையை எடுத்துக்கொண்டேன்.