ஊசிமுனையை அழிக்கப் போன தையல்காரி

கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். ஒரு பெயரை அழிக்க விரல் நீட்டிய தையல்காரியின் கதை சொல்கிறேன். சிரிக்கலாம், குறுக்கே மட்டும் பேசாதீர்கள்.

அவளுக்கு இணையத்தில் 'ஊசிமுனை' என்று ஒரு கணக்கு. பதினோரு வருடமாகத் தைத்ததையெல்லாம் படம்பிடித்துப் போட்டாள். அந்தப் பெயரை நம்பித்தான் ஆட்கள் அவள் மாடிப்படி ஏறினார்கள். ஆனால் வரவர அங்கே வாய்ச்சண்டைதான் மிச்சம். பொத்தான் வைத்தாலும் குற்றம், வைக்காவிட்டாலும் குற்றம். போதும், இணையத்தை விட்டே போய்விடலாம் என்று கிளம்பிவிட்டாள்.

"அடியோட அழிச்சிடு. இல்லேன்னா மறுபடி எட்டிப் பாப்பே," என்றார் கணவர்.

கைபேசியின் அழிக்கும் பொத்தானில் விரல் இறங்கப் போன நேரம், படியில் தடதடவென்று சத்தம். போர்டு எழுதுகிறவர் மூச்சு வாங்க நின்றார். தோளில் பலகை, அதில் கொட்டை எழுத்தில் 'ஊசிமுனை'.

"எங்க மாட்டணும்க்கா?"

"நான் எப்பய்யா போர்டு கேட்டேன்?"

"ஒரு அம்மா போன்ல சொன்னாங்க. முகவரி கேக்க மறந்துட்டேன். பேரைத் தேடினா உங்க கடைதான் வந்துச்சு. ஒரு மாசத்துல பேரு கைக்கு வந்துடும்னு ஒரே அவசரம் அவங்களுக்கு."

தையல்காரி கைபேசியை மூக்குக்கு அருகே கொண்டுபோனாள். அழிக்கும் பொத்தானுக்குக் கீழே பொடியெழுத்து: முப்பது நாள் கழித்து இந்தப் பெயரை யாரும் எடுத்துக்கொள்ளலாம். ஜன்னல் வழியே பார்த்தாள். எதிர்த் தையல்கடையில் அவள் நாத்தனார் ஸ்டூல் போட்டு ஏறி, தன் பழைய போர்டைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

பலகையைப் பார்த்ததும் நாத்தனார் தெருவைத் தாண்டி ஓடி வந்தாள்.

"அண்ணி, அது என் போர்டு!"

"பேரு யாருதும்மா?"

"நீங்கதான் அழிக்கப் போறீங்களே. அண்ணன் சொன்னாரு!"

கணவர் கத்தரிக்கோலைத் தேடுகிற சாக்கில் மேசைக்கடியில் புகுந்துகொண்டார்.

"அந்தப் பேரோட நீ நின்னா, நான்னு நெனைச்சுல்ல எல்லாரும் உன்கிட்ட வருவாங்க?"

"வெளியே போறவங்களுக்குப் பேரு எதுக்கு?"

"வீட்டைவிட்டுப் போறவ பூட்டிட்டுத்தான் போவா. சாவியைத் தெருவுல வீசிட்டா போவா?"

அங்கேயே கணக்கில் இருந்த படங்களையெல்லாம் நீக்கினாள், கருத்துப் பகுதியை மூடினாள். 'ஆள் இங்கே இல்லை, கடையில் இருக்கிறாள்' என்று ஒரே வரி எழுதிவிட்டு அதைவிட்டு வெளியே வந்தாள். கணக்கை அழிக்கவில்லை.

"அப்ப எனக்கு என்ன பேரு?" நாத்தனாரின் உதடு பிதுங்கியது.

"கை இருக்கு, ஊசி இருக்கு. நீயே ஒண்ணு தைச்சுக்கோ. அந்தப் பேருக்குப் போர்டு என் செலவு."

"சண்டை நடக்கட்டும்," என்றார் போர்டுக்காரர். "ஆணி எந்தப் பக்கம் அடிக்க?"

"இந்தப் பக்கம்!" என்றாள் தையல்காரி.

நாத்தனார் முறைத்துக்கொண்டே நின்றாள். பிறகு பொறுக்க மாட்டாமல், "இடது பக்கம் இறங்கியிருக்கு, தூக்குங்க!" என்று கத்தினாள்.

உங்கள் வீட்டு வாசலிலும் உங்கள் பெயர் நேராக நிற்கட்டும், கண்ணுகளா. உறவு நூல் சிக்கினாலும் அறாமல் இருக்கட்டும்.