அப்பாவின் இடுப்பளவு

அக்காவின் கல்யாணத்துக்கு இன்னும் இருபத்தாறு மணி நேரம் இருந்தது. அப்பா தையல் கடையில், துணி வெட்டும் மேஜைக்குப் பின்னால் நின்றிருந்தார். அளவெடுக்கும் டேப்பை இரண்டு கைகளாலும் தலைக்கு மேல் விறைப்பாக இழுத்துப் பிடித்து இடப்பக்கம் வளைந்தார். பிறகு வலப்பக்கம். வயிற்றைக் குறைக்க இரண்டு மாதமாக இதுதான் அவருடைய உடற்பயிற்சி.

முடித்ததும் அதே டேப்பை வயிற்றில் சுற்றினார்.

"முப்பத்தொன்பது! கோட்டை நாப்பதுக்குத்தானே வெட்டினேன்? ஒரு அங்குலம் லாபம்."

வயிறு நாற்பத்திரண்டாக இருந்தபோதே கல்யாணக் கோட்டை நாற்பதுக்கு வெட்டிவிட்டவர் அவர். அப்போதுதான் வயிறு வழிக்கு வருமாம். துணியோ கடைசித் துண்டு. அந்த நிறம் இனி வராது என்று துணிக்கடைக்காரர் கைவிரித்துவிட்டார்.

"ஒரு தடவை போட்டுத்தான் பாருங்களேன்," என்றாள் அம்மா, யாருடைய சட்டைக்கோ பட்டன் தைத்தபடி.

"டேப்பே சொல்லுது, அப்புறம் என்ன போட்டுப் பாக்கறது? நான் தையல்காரன்டி."

"மூஞ்சி மட்டும் அப்படியே பந்து மாதிரி இருக்கே?"

"மூஞ்சிக்கு நான் பயிற்சி பண்ணலையே! கறை எங்க இருக்கோ அங்கதானே தேய்ப்பே? முழுச் சட்டையையுமா தேய்ப்பே?"

"அப்பா," என்றேன் மெதுவாக. "கொழுப்பு அப்படி ஒரு இடத்துல மட்டும் கரையாது. எந்தத் தசை வேலை செஞ்சாலும் உடம்பு எல்லா இடத்துலேருந்தும்தான் எடுத்துக்கும்."

"நீ காலேஜ்ல அறுத்தது தவளையை. தவளைக்கு ஏதும்மா இடுப்பு?"

அம்மா சிரித்துவிட்டாள். நான் நூல்கண்டைச் சுற்றத் தொடங்கினேன். உண்மையில் சொல்ல வந்தது வேறு. முந்தின நாள் அந்த டேப்பை இரும்பு ஸ்கேல் மேல் வைத்துப் பார்த்திருந்தேன். அதிலிருந்து அப்பாவின் முகத்தை நேராகப் பார்க்க முடியவில்லை.

"டேப் பழசாயிடுச்சேப்பா. புதுசு ஒண்ணு வாங்கலாமே?"

"எதுக்கு? இதால அளந்து இதாலேயேதான் வெட்டறேன். ஒருத்தனாவது இறுக்கம்னு திரும்பி வந்தானா?"

வரவில்லை. வரவும் மாட்டார்கள்.

அப்பா கோட்டை உள்பக்கம் திருப்பி மேஜையில் விரித்தார். பக்கத் தையல்களுக்குள் கொஞ்சம் துணி விட்டிருந்தது. பிரித்துத் தைத்தால் இரண்டு அங்குலம் கிடைக்கும். அதைத் தடவிப் பார்த்தார்.

"இன்னும் ஒரு அங்குலம் பிடிச்சுடறேன். இந்த மிச்சத்துணி எதுக்கு உள்ள, புடைச்சுக்கிட்டு?"

கத்திரியை எடுத்தார். என் கை தானாகக் கோட்டின் மேல் போய் விழுந்தது.

"ஏய், விரல் போயிடும்! எடு கையை."

"வெட்டாதீங்கப்பா."

"ஏன்?"

அம்மாவின் ஊசி பாதியில் நின்றது.

"நீங்க இளைக்கவே இல்லப்பா," என்றேன். "தினம் இழுத்து இழுத்து டேப்தான் நீண்டுபோச்சு."