பாவாடை ஓரத்து முடிச்சுகள்

“ஏம்மா, துணி அழகா இருந்தா யாருக்கு நல்லது?”

பொங்கல் விடுமுறை முடிந்து விடுதிக்குக் கிளம்பிய காலையில், பாவாடையின் உள்ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே ஆண்டாள் இப்படிக் கேட்டாள்.

“பாக்கறவங்களுக்குத்தான். வேற யாருக்கு?” என்றாள் பாஞ்சாலை. மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிரிந்து போகிற வருத்தம் என்று தாய் நினைத்துக்கொண்டாள்.

பிறவியிலேயே பார்வையில்லாத பிள்ளை. அப்படிப்பட்ட பிள்ளைகள் தங்கிப் படிக்கும் பள்ளியில் போன வருடம்தான் அவளைச் சேர்த்துவிட்டார்கள். மரக்காணத்து உப்பளத்தில் வேலை செய்யும் பாஞ்சாலைக்கு மகளைச் சீராட்டக் கிடைப்பது விடுமுறை மட்டும்தான். இந்தப் பொங்கலுக்கும் தலைக்கு எண்ணெய் வைத்தாள். துணிகளை அலசி வெளுத்தாள். அப்போதுதான் பார்த்தாள், எல்லாத் துணியின் ஓரத்திலும் நூல் முடிச்சு முடிச்சாகத் துருத்திக்கொண்டு நின்றது. தையல் சொல்லிக்கொடுக்கிறார்கள் போலிருக்கிறது, பிள்ளை கண்டபடி குத்தி வைத்திருக்கிறாள் என்று எண்ணி, ஊக்கால் ஒவ்வொன்றாகப் பிரித்து நீவிவிட்டாள். உப்பு அரித்த விரல்கள் எரிந்தன. மனசு என்னவோ குளிர்ந்திருந்தது.

மாசியில் மகளைப் பார்க்கப் போனாள். வார்டன் அம்மா அவளை உட்காரக்கூடச் சொல்லவில்லை.

“உங்க பொண்ணு அடுத்தவங்க துணிய எடுத்துப் போட்டுக்குதுங்க. ஒரு தடவைன்னா விட்டுடலாம். திரும்பத் திரும்பப் பண்ணுது, கேட்டா பதிலே இல்ல. ஷமான்னு ஒரு பொண்ணு, ‘நான்தான் எடுத்துக் குடுத்தேன்’னு பொய் சொல்லி நடுவுல வந்து நிக்குது. எல்லாரையும் பீச்சுக்குக் கூட்டிட்டுப் போனப்போ, பொய் சொன்னதுக்காக அந்த ஷமாவ இங்கயே விட்டுட்டுப் போனோம். இன்னொரு தரம் நடந்தா ஆண்டாள நீங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க.”

பாஞ்சாலைக்கு ஒன்றும் விளங்கவில்லை. கீழே கிடந்த கொடுக்காப்புளியைக்கூடக் கேட்காமல் எடுக்காத பிள்ளை. இங்கே வந்து இப்படி மாறிவிட்டாளா? படிப்பு போனால் என்ன செய்வாள்? தாய் உப்பு வாரி முடித்து வரும்வரை பூட்டிய வீட்டுக்குள் தனியாக உட்கார்ந்திருப்பாள். யாரை நம்புவது, யாரைக் கோபிப்பது என்று தெரியாமல் அவள் வேப்பமரத்தடிக்குப் போனாள். அங்கே ஆண்டாளும் இன்னொரு பெண்ணும் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள்.

“எடுத்தியாடி? அம்மா கிட்ட சொல்லு.”

ஆண்டாள் தலையைக் குனிந்துகொண்டாள்.

“அவ சொல்ல மாட்டாங்க” என்றாள் பக்கத்தில் இருந்தவள். அவள்தான் ஷமா, கூனிமேட்டுப் பெண். “சொன்னா நீங்க அழுவீங்களாம். இங்க எல்லார் துணியும் ஒண்ணாத் துவைச்சுக் குவியலாக் கொட்டுவாங்க. ஆண்டாளுது ரெண்டு முடிச்சு, என்னுது மூணு. தடவிப் பாத்து எடுத்துக்குவோம். இப்ப அவளுது எல்லாம் மொழுக்குனு கிடக்குது. திரும்பப் போடறதுக்குள்ள துவைக்கப் போயிடுச்சு. புதுசா வந்த பசங்க துணிக்கும் முடிச்சு இருக்காது. எது யாருதுன்னு அவ எப்படிக் கண்டுபிடிப்பா?”

“சும்மா இருடி” என்று ஆண்டாள் அவளைக் கிள்ளினாள்.

“இன்னாடி சும்மா? கண்ணு நல்லாத் தெரியுமே உங்கம்மாவுக்கு, முடிச்சப் பாத்தும் புரியலயா?”

பாஞ்சாலை வாயைப் பொத்திக்கொண்டாள். பிரியமாகச் செய்த காரியம் பிள்ளைக்குத் திருட்டுப் பட்டம் வாங்கித் தந்திருக்கிறது. இதைப் புண்ணியத்தில் சேர்ப்பதா, பாவத்தில் சேர்ப்பதா? கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

நேரே வார்டன் அம்மாவிடம் போய், “அவ துணியில இருந்த அடையாள முடிச்செல்லாம் நான்தாங்க அவுத்துட்டேன். அசிங்கமா இருக்குதேன்னு அவுத்துட்டேன்” என்றாள்.

வார்டன் அம்மா மேசை இழுப்பறையைத் திறந்தாள். “எனக்கும் தோணலியேம்மா” என்று ஊசியும் நூலும் எடுத்துக் கொடுத்தாள். ஆண்டாள் இங்கேயே இருக்கலாம் என்றும் சொன்னாள்.

தாயும் மகளுமாக உட்கார்ந்து முடிச்சுகளைத் திரும்பப் போட்டார்கள். ஆனாலும் பாஞ்சாலைக்கு மனம் ஆறவில்லை. ஷமாவுக்குத் தாய் இல்லை, தகப்பன் சவுதியில் இருக்கிறான் என்று ஆண்டாள் சொன்னாள். அந்தப் பிள்ளை இழந்த கடற்கரையை எப்படித் திருப்பிக் கொடுப்பது?

சாப்பாட்டு மணி அடித்தது. மகளை முத்தமிட்டு வரிசையில் அனுப்பிவிட்டு, ஊசியையும் நூலையும் திருப்பிக் கொடுக்கப் போனவள் பிள்ளைகள் படுக்கும் அறை வாசலில் நின்றாள். உள்ளே யாருமில்லை. ஒரு பாயில் மடித்து வைத்திருந்த சட்டைகளின் ஓரத்தில் மூன்று மூன்று முடிச்சுகள் தெரிந்தன; ஷமாவுடையவை. அநேகமாக எல்லாமே அக்குளில் தையல் விட்டுக் கிழிந்திருந்தன.

பாஞ்சாலை தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தைத்தாள். பிள்ளையின் தோலில் உறுத்தாதபடி நூலின் நுனியைத் துணிக்குள்ளேயே இழுத்துவிட்டாள். ஓரத்து மூன்று முடிச்சுகளின் பக்கம் கையைக் கொண்டுபோகவே இல்லை. எப்படி மடித்திருந்ததோ அப்படியே மடித்து வைத்துவிட்டு எழுந்தாள்.

பிள்ளைகள் கை கழுவும் சத்தம் கேட்கத் தொடங்கியபோது, அவள் மரக்காணம் பஸ்ஸைப் பிடிக்க நடந்துகொண்டிருந்தாள்.